நின்ற பக்கம்

2025 ஜனவரி 20, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்வியியல் கல்லூரியின் மாடி அரங்கில் பள்ளி நூலகர்களுக்கான ஐந்து நாள் பணித்திறன் மேம்பாட்டுப் பயிற்சி தொடங்கியது. வருகைப் பதிவேட்டில் நாற்பத்திரண்டு பேர் கையெழுத்திட்டார்கள். அவர்களில் நூலகப் படிப்பு படித்தவர்கள் ஆறு பேர்.

பெலிசியா அந்த ஆறு பேரில் ஒருத்தி. கடலூரில் ஓர் உதவிபெறும் பெண்கள் பள்ளியில் பதினோரு வருடமாக நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். பள்ளிக் காகிதங்களிலும் 'நூலகம் பார்ப்பவர்' என்றுதான் இருந்தது. நூலகர் என்று எங்கேயும் இல்லை. வேலை தற்காலிகம். ஒவ்வொரு ஜூனிலும் தலைமையாசிரியை சிஸ்டர் பாத்திமா மேரி ஒரு தாளை நீட்டுவார், பெலிசியா கையெழுத்துப் போடுவாள், அடுத்த மே வரைக்கும் சாவி அவளிடம் இருக்கும். இந்த வருடம் அது மாறலாம் என்று பொங்கலுக்கு முன்பே சிஸ்டர் சொல்லியிருந்தார்.

"இந்த ட்ரெயினிங் சர்டிபிகேட்ட மட்டும் வாங்கிட்டு வந்துடு. உன்ன லைப்ரேரியன்னு பெர்மனன்ட்டா போட்டுடலாம்னு கரஸ்பாண்டன்ட் ஃபாதர் சொல்லிட்டாரு. இல்லனா ஜூன்லேர்ந்து நீ ஆபீஸ்ல டைப் அடிக்கணும். சாவி வேற யார்கிட்டயாவது போயிடும்."

அதனால் பெலிசியா ஏழு மணிக்கெல்லாம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று நின்று நின்று போன பஸ் ஒன்பது மணிக்குச் சிதம்பரத்தில் இறக்கிவிட்டது. அரங்கில் இரண்டாவது வரிசையில் இடம் பிடித்தாள். சற்று நேரத்தில் கனத்த உடம்புக்காரர் ஒருவர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து விசில் கயிறு தொங்கியது.

"கொளஞ்சி. திட்டக்குடி பக்கம், கவர்மென்ட் ஹைஸ்கூல். பி.டி. வாத்தியார்," என்று அவரே தொடங்கினார். "எங்க ஹெச்.எம். ஒரு நாள் கூப்ட்டாரு. கொளஞ்சி, உங்கிட்ட கிரவுண்டு ரூம் சாவி இருக்குல்ல, கூட இத்தயும் வச்சிக்கனு லைப்ரரி சாவியக் குடுத்துட்டாரு. நாலு வருஷம் ஆவுது. ரெண்டும் ஒரே கொத்துல கெடக்குது."

"பசங்களுக்கு புக்கு குடுப்பீங்களா சார்?"

"மழ பேஞ்சா குடுப்பேன். கிரவுண்டு ஈரமா இருக்கும்ல."

பெலிசியா சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு கையேடு. கையேட்டின் அட்டையில் 'வாசிப்புப் படிகள்' என்று பெரிய எழுத்து. கீழே 'ஆக்கம்: முனைவர் மணவாளன்'. பெலிசியா நடுவில் பிரித்தாள். ஒரு நீண்ட அட்டவணை. புத்தகப் பெயர், எந்த வகுப்புக்கு, குறிப்பு, எண். குறிப்புப் பத்தியில் முதல் வரியைப் படித்ததும் அவளுக்குக் காது மடல்கள் சுட்டன. 'மழை நாளில் கொடுக்கலாம்.' அடுத்த வரி, 'அக்காவோடு சண்டை போட்டவளுக்கு.' அதற்கும் அடுத்தது, 'முதல் பத்துப் பக்கத்தைப் பொறுத்துக்கொண்டால் போதும்.'

அவள் எழுதியவை. ஒரு சொல் மாறவில்லை. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு வரிகள்.

அந்தப் பட்டியலை அவள் ஒரே நாளில் எழுதவில்லை. புத்தகத்தைத் திருப்பித் தர வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் அவள் ஒரு கேள்விதான் கேட்பாள்: எந்தப் பக்கத்துல நிறுத்தின? கதை பிடித்ததா, என்ன கற்றுக்கொண்டாய் என்றெல்லாம் கேட்டால் பிள்ளைகள் பொய் சொல்வார்கள். நிறுத்திய பக்கத்தைக் கேட்டால் பொய் சொல்ல மாட்டார்கள். நாற்பத்தொன்று, பன்னிரண்டு, கடைசி வரைக்கும். வந்த பதிலையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதிவந்தாள். நூறு பேர் பதினாலாம் பக்கத்தில் நிறுத்தும் புத்தகத்தை எட்டாம் வகுப்புக்குத் தள்ளினாள். ஐந்து பேர் கடைசிப் பக்கம் வரை போன புத்தகத்தை ஆறாம் வகுப்பின் முதல் வாரத்தில் நீட்டினாள். பதினோரு வருடத்தில் இருபதாயிரத்துக்கும் மேலான பதில்கள். பட்டியலில் அவற்றிலிருந்து வந்த பத்திக்கு 'நின்ற பக்கம்' என்று பெயர் வைத்திருந்தாள்.

2023இல் வாசிப்பு மதிப்பீடு என்று பள்ளிக்கு வந்த குழுவில் மணவாளன் இருந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இதை டைப் பண்ணி அனுப்ப முடியுமாம்மா?" என்று கேட்டார். பெலிசியா அந்த மே விடுமுறை முழுக்க உட்கார்ந்து அடித்து வாட்ஸப்பில் அனுப்பினாள். இரண்டு கூப்பிய கைகள் பதிலாக வந்தன. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

இப்போது கையேட்டில் 'நின்ற பக்கம்' இல்லை. அந்தப் பத்தியை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்தியை விட்டுவைத்திருந்தார்கள். அதற்கு அவள் 'எங்க எண்' என்று தலைப்புப் போட்டிருந்தாள். பீரோவில் புத்தகத்தைத் தேடி எடுக்க வசதியாகத் தன் பள்ளிப் பதிவேட்டு எண்ணைக் குறித்திருந்தாள், அவ்வளவுதான். கையேட்டில் அதன் தலைப்பு 'படிநிலை எண்' என்று இருந்தது.

மணவாளன் மேடையேறினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பதறாத குரல். திரையில் ஓர் எண் தோன்றியது: 2204.

"இதை நீங்க புரிஞ்சிக்கிட்டா மொத்தக் கையேடும் புரிஞ்ச மாதிரி. முதல் ரெண்டு இலக்கம் பொருள் வகை. கடைசி ரெண்டு இலக்கம் மொழியோட கடினம். 04ன்னா மிக எளிமை. 99ன்னா மிகக் கடினம்."

நாற்பத்தொரு பேனாக்கள் அதை எழுதிக்கொண்டன. பெலிசியாவின் பள்ளியில் 2203 ஒரு அறிவியல் அகராதி. 2204 கப்பல் கட்டுவது பற்றிய படக்கதை. 2205 நெற்பயிர் நோய்கள். மூன்றும் ஒரே நாள், ஒரே சாக்கில், ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது வந்தவை. சாக்கிலிருந்து கைக்கு வந்த வரிசையில் அவள் எண் போட்டாள்.

கொளஞ்சி கையைத் தூக்கினார். "சார், 2298ன்னு ஒண்ணு இருக்குது. தாலாட்டுப் பாட்டுனு போட்டிருக்கு. 98ன்னா ரொம்பக் கஷ்டமா? அதக் கேட்டுட்டுத் தூங்கற புள்ளைக்கு இன்னா சார் கஷ்டம்?"

அரங்கில் சிரிப்பு. மணவாளனும் சிரித்தார். "நல்ல கேள்வி. தாலாட்டுல வட்டாரச் சொற்கள் நிறைய வரும். இன்னிக்குக் குழந்தைக்கு அது கடினம். அதனாலதான் 98."

"ஆமா சார், கரெக்டு," என்று கொளஞ்சி உட்கார்ந்து எழுதிக்கொண்டார்.

பெலிசியா எழுந்திருக்கப் பார்த்தாள். சிஸ்டரின் முகம் நினைவுக்கு வந்தது. சர்டிபிகேட்ட மட்டும் வாங்கிட்டு வந்துடு. அவள் எழுந்திருக்கவில்லை.

பதினொன்றேகாலுக்கு டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். கொளஞ்சி கையேட்டை விரித்துப் பிடித்தபடி வந்தார்.

"டீச்சர், இத்தப் பாருங்க. முப்பத்தொண்ணாம் பக்கம். 1871. குறிப்பு இன்னா போட்டிருக்கு? 'இளவரசி டீச்சரிடம் உள்ளது, இன்னும் வரவில்லை.' யாரு டீச்சர் இந்த இளவரசி? மாவட்டத்துக்கே அவுங்ககிட்டதான் காப்பி இருக்குதா? நாங்க திட்டக்குடிலேர்ந்து வந்து வாங்கிணு போவணுமா?"

இளவரசி, பெலிசியாவின் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சர். நாலு வருடமாக அந்தப் புத்தகத்தைத் தரவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். இது என் பட்டியல் சார், இந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது, எழுதாதீங்க என்று ஒரு வாக்கியம் போதும்.

"தெரியல சார்," என்றாள்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மணவாளனிடம் போனாள். அவர் லேப்டாப் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சார், நான் பெலிசியா. கடலூர். எங்க ஸ்கூலுக்கு வந்தீங்க."

"தெரியாம என்ன? உங்க பள்ளிதானே எங்களுக்குத் தூண்டுதலே."

"இது நான் எழுதின லிஸ்ட் சார்."

"உங்க பள்ளித் தரவும்மா. அதை நாங்க ஒழுங்குபடுத்தியிருக்கோம். முன்னுரையில பாருங்க, 'களத்தில் உதவிய ஆசிரியர்களுக்கு நன்றி'ன்னு இருக்கும்."

"நான் ஆசிரியர் இல்லயே சார்."

அவர் ஒயரை இன்னொரு சுற்றுச் சுற்றினார். பெலிசியா கையேட்டைப் பிரித்து எண் பத்தியில் விரலை வைத்தாள். "சரி, அத விடுங்க. இந்த நம்பரு எங்க ஸ்டாக் ரெஜிஸ்டர் நம்பர் சார். எது மொதல்ல வந்துச்சு, எது அப்புறம் வந்துச்சுனு போட்டது. பொருளும் இல்ல, கடினமும் இல்ல."

ஒயர் சுற்றிய கை நின்றது. அந்த ஒரு கணத்தில் அவருக்கு அது உண்மையிலேயே தெரியாது என்று பெலிசியாவுக்குப் புரிந்தது. தெரியாமல், கேட்காமல், ஒரு விளக்கத்தைத் தானே உண்டாக்கி மேடையில் நின்று சொல்லியிருக்கிறார். திருடியதைவிட அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

"ஐந்நூறு பிரதி அச்சாகி எல்லா இடத்துக்கும் போயாச்சும்மா," என்றார் அவர் மெதுவாக. "ஏதோ ஒரு எண் வேணும்ல. மாவட்டம் முழுக்க ஒரே எண்ணா இருந்தா நல்லதுதானே? நிதானமா யோசிச்சுப் பாருங்க." பையை மூடி எழுந்தார். "கடைசி நாள் சர்டிபிகேட் லிஸ்ட்ல நான்தான் கையெழுத்துப் போடறேன். உங்க பேரு விட்டுப் போகாம பாத்துக்கறேன்."

பஸ்ஸில் வெள்ளாற்றுப் பாலம் வரும்வரை அவளுக்கு அது மிரட்டல் என்று உறைக்கவில்லை. உறைத்தபோது வாய்விட்டு ஒரு வசவு வந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் முடிவில் களப்பணி கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் ஒவ்வொருவரும் தங்கள் நூலகத்தில் படிநிலை எண்ணை ஒட்ட வேண்டும். பதிவேட்டில் பழைய எண்ணைச் சிவப்பு மையால் அடித்துப் புது எண்ணை எழுத வேண்டும். கையேட்டில் இல்லாத புத்தகங்களுக்கு, சொல்லிக்கொடுத்த முறைப்படி எண்ணைத் தாங்களே கணிக்க வேண்டும். மீதி இரண்டு நாள் பயிற்சிக்குப் பிப்ரவரி 6ஆம் தேதி பதிவேட்டோடும், இன்னும் எண் ஒட்டாத புத்தகங்களில் ஒரு கட்டோடும் வர வேண்டும்.

பதிவேட்டை அடிப்பது என்றால் என்ன என்று அந்த அரங்கில் ஆறு பேருக்காவது தெரியும். எந்தப் புத்தகம் என்றைக்கு வந்தது, எங்கிருந்து வந்தது, இருக்கிறதா, போனதா என்பதற்குப் பள்ளியில் வேறு அத்தாட்சி கிடையாது. அதில் எண்ணை அடித்துவிட்டால் அலமாரியில் இருப்பது வெறும் காகிதக் குவியல். ஆறு பேரும் வாயைத் திறக்கவில்லை. பெலிசியா மற்ற ஐந்து பேரையும் மனதுக்குள் திட்டினாள். பிறகு தன்னையும் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளியில் சிஸ்டர் பாத்திமா மேரி எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உன் லிஸ்ட்தான். நான் இல்லங்கல. நீ லீவுல வந்து டைப் அடிச்சத நான்தான் பாத்தேனே. ஆனா ஒண்ணு கேக்கறேன். இப்ப நம்ம ஸ்கூல்ல நீ எந்த நம்பர மாத்தணும்?"

"எதயும் மாத்த வேணாம் சிஸ்டர். அது நம்ம நம்பர்தான்."

"அப்ப உனக்கு அங்க ஒரு வேலையும் இல்ல. மத்தவங்க ரெஜிஸ்டர் மத்தவங்க பாடு. ரெண்டு நாள் போய் உக்காந்துட்டு வா. பதினோரு வருஷம் பொறுத்த, ரெண்டு நாள் பொறுக்க முடியாதா?"

"அவுங்க கஷ்டப்பட்டு ஒட்டிணு இருப்பாங்க சிஸ்டர்."

"நீ கஷ்டப்பட்டப்ப அவங்க வந்தாங்களா?"

இதற்குப் பதில் இருந்தது. சொன்னால் சிஸ்டரிடம் சண்டை வரும். பெலிசியா நூலகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஏழாம் வகுப்பு திருப்பித் தந்த புத்தகங்களை அடுக்கினாள். இரண்டாவது பீரியடில் வந்த ஒரு பெண்ணிடம், "எந்தப் பக்கத்துல நிறுத்தின?" என்று கேட்ட குரல் அதட்டலாக வந்தது. அந்தப் பெண் பயந்து, "முழுசாப் படிச்சிட்டேன் மிஸ்," என்று பொய் சொன்னாள். பதினோரு வருடத்தில் அந்தக் கேள்விக்கு வந்த முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 6, வியாழக்கிழமை. அரங்கில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, கத்தரிக்கோல், பசை, லேபிள் தாள் எல்லாம் வைத்திருந்தார்கள். மணவாளன் களப்பணி விவரத்தைப் படித்தார். சில பள்ளிகள் முப்பது சதவீதம், சில பத்து. கடைசியில் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரே ஒரு பள்ளி நூற்றுக்கு நூறு. கடலூர் பெலிசியா மேடம். ஒரு எண்கூட மாறல. எல்லாரும் ஒரு கைத்தட்டுக் குடுங்க."

நாற்பத்தொரு பேர் தட்டினார்கள். அவளுடைய எண்ணை அவளிடமிருந்து எடுத்து, அவளுக்கே திருப்பிக் கொடுத்து, அதற்குக் கைத்தட்டும் வாங்கித் தருகிறார். பெலிசியா மேசையிலிருந்த பசை டப்பாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

கொளஞ்சி நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். விசில் இல்லை. துணிப்பையிலிருந்து ஒரு தடித்த பதிவேட்டை எடுத்து வைத்தார்.

"நூத்துக்கு நூறா? நானும் ஒண்ணும் கொறச்சல் இல்ல டீச்சர். ஆயிரத்து நூத்தி நாப்பது புக்கு. நேத்தோட முடிச்சிட்டேன். அவரு எம் பேரப் படிக்க மறந்துட்டாரு போல." பக்கத்தைப் புரட்டினார். "கையேட்டுல இருந்தது எரநூத்திப் பதினாலுதான். மிச்சத்துக்கு நானே போட்டேன். கடினம் எவ்ளோனு படிக்காம எப்டி டீச்சர் போடறது? எல்லாத்தயும் கொஞ்சமாச்சும் படிச்சேன். அறுவது எழுவது புக்க முழுசா முடிச்சிட்டேன். பசங்க பதினஞ்சு நாளா கபடி இல்லனு மூஞ்சத் தூக்கிணு திரியறானுங்க. எம் பொண்டாட்டி, இன்னாய்யா உனக்கு ஆச்சுனு கேக்குது."

1987இல் தொடங்கிய பதிவேடு. பழைய நீல மையில் யாரோ ஒருவரின் அழகான சாய்வெழுத்து. அதன் ஒவ்வொரு எண்ணின் மேலும் அளவுகோல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு. ஒரு கோடுகூட வளையவில்லை. பக்கத்தில் கொளஞ்சியின் உருண்டைக் கையெழுத்தில் புது எண். பழைய எண்ணில் ஒன்றையும் இனிப் படிக்க முடியாது. அவ்வளவு ஒழுங்காக அடித்திருந்தார்.

பெலிசியா எழுந்தாள்.

"சார். இந்த நம்பருக்கு அர்த்தம் கிடையாது."

மணவாளன் புன்னகை மாறாமல் பார்த்தார். "மேடம், கருத்துப் படிவம் இருக்கு. அதுல எழுதிக் குடுங்க."

"எழுதிக் குடுத்தா இவரு அடிச்சது திரும்பி வராது சார். இது எங்க ஸ்கூல் ஸ்டாக் ரெஜிஸ்டர் நம்பர். மொத நாளே உங்ககிட்ட சொன்னேன். தெரிஞ்சும் எல்லாரயும் அடிக்க வச்சீங்க."

"இது தனிப்பட்ட பிரச்சினை. இடைவேளையில பேசலாம்."

"தனிப்பட்டது இல்ல." அவள் போனை எடுத்தாள். அந்த இரண்டு நாளும் பள்ளி நூலகத்தை இளவரசிதான் பார்த்துக்கொண்டாள்; அவளை அழைத்தாள். ஸ்பீக்கரைப் போட்டு மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"பெலிசியா, சொல்லு," என்றது இளவரசியின் குரல். பின்னால் பிள்ளைகளின் சத்தம்.

"இளவரசி, நம்ம ஸ்டாக் ரெஜிஸ்டர எட. 2298 இன்னானு படி."

"இப்பவா? இரு... 2298. தாலாட்டுப் பாட்டு. எட்டாம் மாசம் 2016."

"2204?"

"கப்பல் கட்டற கதை. அன்பளிப்புனு போட்டிருக்கு. எதுக்குக் கேக்கற?"

அரங்கில் கையேடுகள் புரண்டன. பின்வரிசையிலிருந்து யாரோ, "1502 கேளுங்க," என்றார்கள். கேட்டாள். இளவரசி படித்தாள். கையேட்டிலும் அதுதான். "940?" என்றார் இன்னொருவர். அதுவும் அதுதான். நாலைந்து எண்களுக்குப் பிறகு பெலிசியா கேட்டாள்:

"1871?"

இளவரசியின் குரல் தணிந்து வந்தது. "அது என்கிட்ட இருக்கறதுடி. அதுக்குதான் இவ்ளோ சுத்தி வளைச்சியா? வீட்லதான் இருக்கு, திங்கக்கெழம கொண்டாறேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா? யாரு கூட இருக்கறது?"

அரங்கே சிரித்தது. மணவாளன் சிரிக்கவில்லை. பெலிசியாவும் சிரிக்கவில்லை. போனை அணைத்தாள்.

"எம் பேரு போட வேணாம் சார். நீங்களே வச்சிக்குங்க. இந்த நம்பர எடுங்க. அவுங்கவுங்க ரெஜிஸ்டர அவுங்கவுங்ககிட்ட விடுங்க." கையேட்டை மேசைமேல் போட்டாள். "எந்தப் பக்கத்துல நிறுத்தினனு புள்ளைங்கள பதினோரு வருஷம் கேட்டு எழுதினேன். அதுதான் சார் வேல. அதத் தூக்கிப் போட்டுட்டு பீரோ நம்பர அச்சடிச்சிருக்கீங்க. ஒரு போன் பண்ணி இது இன்னானு கேட்டிருக்கலாம்."

மணவாளன் தண்ணீர் குடித்தார். "ஒரு பள்ளியின் பழைய எண்ணும் நம்ம படிநிலை எண்ணும் ஒத்துப்போறது அந்தப் பள்ளிக்குப் பெருமை," என்றார். "வழிகாட்டுதல் மாறினா சுற்றறிக்கை வரும். அதுவரைக்கும் பணியைத் தொடருங்க."

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "சார், இப்ப ஒட்டறதா வேணாமா? சொல்லுங்க. நாலு மணி பஸ்ஸ விட்டா அப்புறம் ஆறரைக்குதான்."

"ஒட்டுங்க."

சிலர் கையேட்டையும் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒரு கத்தரிக்கோல் ஓசை. இன்னொன்று. நூலகப் படிப்பு படித்த மற்ற ஐந்து பேரில் மூன்று பேர் குனிந்து லேபிள் வெட்டுவதை பெலிசியா எண்ணிப் பார்த்தாள்.

கொளஞ்சி கத்தரிக்கோலைத் தொடவில்லை. பதிவேட்டை மூடி அதன்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தார்.

"மொத நாளே தெரியுமா டீச்சர்?"

"தெரியும் சார்."

"அன்னிக்கு டீ குடிக்கச்சொல்ல உங்கள கேட்டேனே. யாரு இளவரசினு."

"கேட்டீங்க."

"தெரியலனு சொன்னீங்க."

"சர்டிபிகேட் போயிடும்னு பயந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். அது சமாதானம் இல்லை. "நாப்பத்தேழு பக்கம் டீச்சர். ஸ்கேலு வச்சி அடிச்சேன். அவரு மேல எனக்குக் கோவம் இல்ல. அவரு யாரோ. நீங்க பக்கத்துல உக்காந்துணு இருந்தீங்க." பதிவேட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தார்.

பெலிசியா அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அரங்கில் இருந்த எல்லோர் மேலும் இருந்த கோபத்தில், கொளஞ்சி சொன்னதை மட்டும் வேறு யார் மேலும் தள்ள முடியவில்லை. மூன்றரைக்குத் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வருகைப் பதிவேட்டில் வெளியேறிய நேரத்தை எழுதச் சொன்னார்கள். எழுதினாள்.

வெள்ளிக்கிழமை நாற்பத்தொரு சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. பெலிசியாவின் பெயருக்கு எதிரே 'வியாழன் பிற்பகல் அமர்வு முழுமை பெறவில்லை' என்று இருந்தது. அவள் கேட்டபோது, அதை அடுத்த பயிற்சியில் ஈடுசெய்யலாம் என்றார்கள். அடுத்த பயிற்சிக்குத் தேதி அறிவிக்கவில்லை.

மார்ச் கடைசியில் கொளஞ்சியிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. பதிவேட்டின் ஒரு பக்கம். சிவப்புக் கோடுகளுக்கு மேலே பச்சை மையில் ஒன்றிலிருந்து தொடங்கிப் புதிய வரிசை எண்கள். கூட எதுவும் எழுதவில்லை. பெலிசியா தன் நீள நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பினாள். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன.

ஏப்ரலில் கையேட்டின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. அதில் எண் பத்தி நீக்கப்பட்டிருந்தது. நின்ற பக்கம் சேர்க்கப்படவில்லை. முப்பத்தொன்றாம் பக்கத்தில் இளவரசி டீச்சர் பற்றிய குறிப்பு அப்படியே இருந்தது. ஆக்கம்: முனைவர் மணவாளன்.

ஜூன் 2ஆம் தேதி பள்ளி திறந்தது. பெலிசியாவுக்கு அலுவலகத்தில் டைப் அடிக்கும் வேலை தரப்பட்டது. நூலகச் சாவி உடற்கல்வி ஆசிரியையிடம் ஒப்படைக்கப்பட்டது.